புளியந்தோப்பு எடைக்கடையில் வந்த 41 அட்டைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் மாதம், ஒரு ஞாயிறு காலை. பெரம்பூரில் வாரந்தோறும் கூடும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். புளியந்தோப்பில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் தம்பியிடமிருந்து எனக்கு போன் வந்தது.

"அண்ணே, அட்டைல கையால வரைஞ்ச படம் கொஞ்சம் வந்துகீது. எடைக்குப் போட மனசு வரல. வந்து ஒரு தபா பாத்துட்டுப் போறியா?"

அந்த ஒரு போனில் தொடங்கியதைத்தான் இங்கே முழுக்க எழுதுகிறேன். நாங்கள் சரியாகச் செய்ததும் தவறாகச் செய்ததும் இரண்டுமே இதில் உண்டு. நாளைக்கு வேறு ஒருவர் கையில் இப்படி ஒரு கட்டு கிடைத்தால், எங்கள் கையில் நடந்த சேதம் அவர் கையில் நடக்கக் கூடாது.

எங்கள் வட்டத்தில் எட்டுப் பேர். எல்லோரும் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, அயனாவரம், திருவொற்றியூர் என்று வடசென்னைக்காரர்கள். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கியதில் தொடங்கிய பழக்கம் இது. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகளில் தொடர்ந்தது. 1972ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, 1984ல் தொடங்கிய லயன், அதே ஆண்டில் வந்த ராணி காமிக்ஸ் என்று இதழ்களைத்தான் நாங்கள் பல வருடம் சேர்த்தோம். ஒரிஜினல் பக்கம் தேட ஆரம்பித்தது பிறகுதான்.

ஒரிஜினல் என்று நாங்கள் சொல்வது ஓவியர் கையால் மை தொட்டு வரைந்த அட்டை. அச்சில் ஆயிரக்கணக்கில் வருவதற்கு முன்னால் இருந்த அந்த ஒன்றே ஒன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பெரிய சந்தை. ஹெர்ஜே 1936ல் ஒரு டின்டின் புத்தகத்தின் மேலட்டைக்காக வரைந்த ஓவியம் 2021ல் பாரிஸ் ஏலத்தில் 30 லட்சம் யூரோவைத் தாண்டிப் போனது. 1984ல் மைக் செக் வரைந்த, ஸ்பைடர்மேன் வரும் ஒரு கதையின் ஒற்றை உள்பக்கம் 2022ல் 33 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. இந்த விலைகளைச் சொல்லிக் கொண்டாடும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் அதே நாடுகளில்தான் 1960கள் வரை பதிப்பகத்தார் ஒரிஜினல்களை வெட்டிக் குப்பையில் போட்டார்கள் என்பதை அடிக்கடி பேசிக்கொள்வோம். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி போன்ற மேதை தான் வரைந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கேட்டுப் போராடி, 1987ல் ஏறத்தாழ 2,000 பக்கங்களைத்தான் திரும்பப் பெற்றார்.

தமிழில் நிலைமை வேறு. நம் காமிக்ஸின் பெரும்பகுதி வெளிநாட்டுக் கதைகள். இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962ல் இங்கிலாந்தின் வேலியன்ட் இதழுக்காக வரைந்தார். அந்தக் கதையின் உள்பக்க ஒரிஜினல் சிவகாசியில் கிடைக்காது, இங்கே வரையப்பட்டதே இல்லை. இங்கே கையால் வரையப்பட்டவை மேலட்டைகள், தலைப்பு எழுத்துகள், அப்புறம் சிறுவர் இதழ்களில் நம் ஓவியர்களே வரைந்த படக்கதைகள். 1960 முதல் தினத்தந்தியில் நாள்தோறும் வரும் கன்னித்தீவுக்கு எத்தனை ஆயிரம் துண்டுகள் வரைந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தை ஏற்றி நம் எல்லோர் கண்ணிலும் பதித்த சங்கர், 2020ல் மறைந்து 2021ல் பத்மஸ்ரீ பெற்றவர், நம் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்த பிள்ளை. அவர் தூரிகை பிடித்த கை நடந்த தெருக்களில் நாங்கள் நடக்கிறோம். அப்படிப்பட்ட கைகள் வரைந்த அட்டைகள் எங்கே போயின என்ற கேள்விதான் எங்களை இதில் இழுத்துவிட்டது.

எனக்கு இதில் ஒரு கடனும் உண்டு. மண்ணடியில் ஓர் அச்சகத்தின் கேமரா டிபார்ட்மென்டில் 22 வருடம் வேலை பார்த்தேன். ஓவியர் கொண்டுவந்து கொடுக்கும் அட்டைக்கு எங்கள் பேச்சில் 'ஆர்ட்வொர்க்' என்று பெயர். பெரிய கேமராவுக்கு முன்னால் மாட்டி, லித் ஃபிலிம் என்னும் அச்சக ஃபிலிமில் நெகட்டிவ் எடுத்து முடித்தால் அந்த அட்டைக்கு வேலை தீர்ந்தது. திரும்பக் கேட்டு வருபவர் அபூர்வம். அடுக்கி வைக்க இடமிருக்காது. மழை நாளில் வாசலில் போட்டுக் கால் துடைத்திருக்கிறோம். அதில் யார் கையெழுத்து இருந்தது என்று அப்போது குனிந்து பார்த்தவன் இல்லை நான்.

அட்டைகளைப் படித்தது

கடைக்குப் போனோம். சணல் கயிறு கட்டி, மேலே பழைய காலண்டர் அட்டை வைத்த ஒரு கட்டு. ஐவரி கார்டு, ஒவ்வொன்றும் சுமாராக 11க்கு 15 அங்குலம். எண்ணினோம், 41. தராசில் வைத்துப் பார்த்தபோது 1 கிலோ 300 கிராம் சொச்சம். அன்றைய பழைய பேப்பர் விலைக்கு 20 ரூபாய்கூட வராது. நான்கு பேர் ஆளுக்கு 750 போட்டு 3,000 ரூபாய் கொடுத்தோம். கடைத் தம்பி 500 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், நாங்கள் வாங்கவில்லை. அவர் மனசு வராமல் நிறுத்தி வைத்ததுதான் இந்தக் கதையில் நடந்த முதல் நல்ல காரியம்.

முதலில் பார்க்க வேண்டியது, இது கையால் வரைந்ததா, அச்சா என்பது. நல்ல அச்சுப் பிரதிகளை ஒரிஜினல் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. அச்சகத்தில் பிளேட் பார்க்கும் லென்ஸை வைத்தால், வண்ணமோ சாம்பல் நிழலோ உள்ள அச்சில் புள்ளி புள்ளியாகத் தெரியும், கையால் போட்டதில் புள்ளி இருக்காது. அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இந்தியன் இங்க் காகிதத்தின் மேல் மெல்லிய தோல்போல உட்கார்ந்திருக்கும். திருத்திய இடத்தில் வெள்ளை போஸ்டர் கலர் மேடு தட்டும். கோட்டுக்குக் கீழே அழிக்காமல் விட்ட பென்சில் இருக்கும். இவை எல்லாம் 41லும் இருந்தன.

ஓரங்களில் நீலப் பென்சிலில் அளவுகள் குறித்திருந்தன. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது எங்கள் டிபார்ட்மென்டோடு ஓவியர் பேசும் மொழி. லித் ஃபிலிமுக்கு வெளிர் நீலமும் வெள்ளையும் ஒன்று, நெகட்டிவில் நீலக் கோடு விழாது. அதனால் ஓவியர்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டியதை நீலத்திலேயே எழுதுவார்கள். சிவப்பில் எழுதினால் கறுப்பாக விழுந்து தொலைக்கும். 'அகலம் 6 அங்குலம், கறுப்பை அடைக்க விடாதீங்க' என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். இருட்டறையில் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த என்னைப் போன்ற ஒருவனுக்கு எழுதியது அது.

பிரித்து அடுக்கினோம். 32 அட்டைகள் ஒரே படக்கதையின் உள்பக்கங்கள். தவணைக்கு இரண்டு பக்கம், மூலையில் நீலத்தில் தவணை எண். 1 முதல் 18 வரை ஓடியது. 7ம் 12ம் இல்லை. 5 அட்டைகள் வண்ண மேலட்டைகள். மீதி 4 அட்டைகளில் தலைப்பு எழுத்துகள் மட்டும். கையெழுத்து இரண்டே எழுத்து, பக்கத்தில் '83'. கொஞ்ச காலம் வந்து நின்றுபோன ஒரு சிறுவர் இதழின் பெயர் தலைப்பு அட்டையில் இருந்தது. அந்த ஓவியரைப் பெரியவர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். குடும்பத்தார் பெயரை வெளியே சொல்ல விரும்பவில்லை.

கதை எளிமையானது. கட்டுமரக்காரர் பையன் ஒருவன் கடலுக்கடியில் இருக்கும் அரண்மனையைத் தேடிப் போகிறான். சூனியக்காரி வருகிறாள், பேசும் சங்கு வருகிறது. ஆனால் படங்களைப் பார்க்கப் பார்க்க எங்கள் ராயபுரத்து நண்பர் முதலில் கத்தினார்: "டேய், இது நம்ம ஸ்டேஷன்டா!" கடலடி அரண்மனையின் தூண் வரிசை, 1856ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் வரிசை. அந்தத் தூண்களின் தலைப்பகுதி வரை அப்படியே. கட்டுமரம் கரையேறும் இடம் காசிமேடு. மூன்றாம் தவணையில் வலை உலர்த்தும் பெண்கள் உட்காரும் விதம், முடிந்த கொண்டை, இடுப்பில் சுருக்குப் பை, எதையும் அவர் கற்பனையில் போடவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து பார்த்துப் போட்டிருக்கிறார். அச்சில் வந்த இதழ் ஒன்றை அல்லிக்குளத்தில் பின்னால் பிடித்தோம். மட்டமான நியூஸ்பிரின்டில் கறுப்பு அடைத்து, தூண்கள் வெறும் பட்டைகளாக நின்றன. அவர் பயந்தபடியே ஆகியிருந்தது. 40 வருடமாக யாரும் அந்தப் படத்தை உண்மையில் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு அட்டைகள் போனது

ஜூலையில் எங்களுக்குள் பேச்சு முற்றியது. நான்கு பேர் பணம் போட்டிருந்தோம். அதில் ஒருவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நெருக்கடி. வண்ண மேலட்டைகளுக்குத்தான் வெளியே கேள்வி இருந்தது. கறுப்பு வெள்ளை உள்பக்கங்களை யாரும் கேட்கவில்லை. "என் பங்குக்கு ரெண்டு கவர் எடுத்துக்குறேன்" என்றார். ஒருவர் தடுத்தார். நான் தடுக்கவில்லை. நண்பர் கஷ்டத்தில் இருக்கும்போது அட்டையைப் பெரிதாகப் பேசக் கூடாது என்று நினைத்தேன். இரண்டும் பெங்களூரில் ஒரு சேகரிப்பாளருக்கு, ஒன்று 9,000 வீதம் 18,000 ரூபாய்க்குப் போயின. கொடுக்கும் முன் போனில் படம் எடுத்து வைத்தோம். முன்பக்கம் மட்டும். இந்த வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நண்பரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கட்டை எப்போது பிரிக்கலாம் என்று நாங்கள் யாரும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. யார் வீட்டிலிருந்து வந்தது என்று தெரிவதற்கு முன்பே பங்கு பிரித்தோம். அது எட்டுப் பேரின் தவறு.

மகளைத் தேடி

உள்பக்கங்களின் பின்புறத்தை ஆகஸ்டில்தான் நிதானமாகப் பார்த்தோம். 9ஆம் தவணையின் பின்னால் குழந்தைக் கையெழுத்தில் ஒரு நீள் வகுத்தல் கணக்கு, மீதி தப்பு. அதைப் பெரியவர் கையால் வட்டம் போட்டுப் பக்கத்தில் சரியாகப் போட்டிருந்தார். அதே நீலப் பென்சில். ஒரு மேலட்டையின் பின்னால் பெரம்பூரில் படத்துக்குச் சட்டம் போடும் கடையின் ரப்பர் ஸ்டாம்ப்.

கடை இன்னும் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு மகன் நடத்துகிறார். இரண்டு எழுத்தைக் காட்டியதும், "நம்ம மில்லுக்காரர்" என்றார். 1996ல் மூடிய பி அண்ட் சி ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் வரைந்தவர். ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் விடியற்காலை பால்காரர் மணி அடிக்கும் வரை வரைவாராம். இதழ்க்காரர்களிடம் அட்டையைத் திரும்பக் கேட்டு வாங்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதனால்தான் இது தப்பியது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. வீட்டை இடித்துக் கட்டும்போது பெரியவரின் மகன் சாமான்களை எடைக்குப் போட்டிருக்கிறார். மகள் கொளத்தூரில் இருக்கிறார் என்று கடைக்காரர் வழி சொன்னார்.

செப்டம்பரில் போனோம். நாங்கள் மூன்று பேர் கட்டோடு வாசலில் நின்றதைப் பார்த்து அந்த அம்மா கொஞ்சம் பயந்துதான் போனார். "நீங்க யாரு சார், எல்ஐசியா?" என்றார். 9ஆம் தவணை அட்டையைத் திருப்பிக் கையில் கொடுத்தேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு விரலால் அந்தக் கணக்கின் மேல் மெதுவாகத் தடவினார்.

"இது நான் போட்டது சார். அஞ்சாங்கிளாஸ். பேப்பர் தீந்து போச்சுன்னு அப்பா படத்துப் பின்னாடி போட்டுட்டேன். அம்மா அடிக்க வந்தாங்க. அப்பாதான், 'பின்னாடி எதுவும் வரைய மாட்டேன், புள்ள எழுதட்டும் வுடு'ன்னாரு."

இந்த இடத்தில் நாங்கள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. ஒரு நண்பரின் வாதம்: அந்த அம்மாவின் அண்ணன் எடைக்குப் போட்டார், கடைக்காரர் வாங்கினார், நாங்கள் காசு கொடுத்தோம், முறையான விற்பனைதான். அதில் தப்பில்லை. ஆனால் அட்டையின் உரிமை வேறு, படத்தின் உரிமை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பாளியின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கும். அட்டையை விலைக்கு வாங்கியவர் அந்தப் படத்தை அச்சடித்து விற்க முடியாது. அதே சட்டத்தின் 53ஏ பிரிவு ஓவியர்களுக்கு இன்னொன்றும் தருகிறது. பதிப்புரிமையின் முதல் உரிமையாளராக இருந்த ஓவியரின் ஒரிஜினல் மறுவிற்பனையில் 10,000 ரூபாய்க்கு மேல் போனால், அவருக்கோ வாரிசுக்கோ அதில் ஒரு பங்கு உண்டு. உச்சவரம்பு 10 சதவீதம். எங்கள் பக்கத்தில் ஓவியர் குடும்பம் எதுவும் இதைக் கேட்டு வாங்கியதாக நான் பார்த்ததில்லை. இப்படி ஒரு பிரிவு இருப்பதே அவர்கள் காதுக்கு எட்டவில்லை.

இரண்டு மேலட்டைகளும் 9,000க்குப் போனவை. சட்டம் அந்தத் தொகையைத் தொடாது. இருந்தாலும் விற்ற நண்பர் அடுத்த மாதமே 1,800 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா வாங்க மறுத்தார். "இது நான் குடுக்குறது இல்லமா, அப்பா சம்பாரிச்சது" என்று நண்பர் சொன்னதும் வாங்கிச் சாமி படத்தண்டை வைத்தார்.

கட்டை முழுதாக அவரிடம் ஒப்படைத்தோம். ஒரு வாரம் வைத்திருந்தார். எண்ணி, துடைத்து, அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அண்ணன் அழுதாராம். அடுத்த ஞாயிறு கட்டோடு டீக்கடைக்கே வந்துவிட்டார். வீட்டில் எலித்தொல்லை, வைக்க இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே கட்டாக இருக்கட்டும் என்றார். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்: 39 அட்டைகளும் அவருடையவை, பாதுகாப்பது நாங்கள், பிரிப்பதோ விற்பதோ அச்சடிப்பதோ அவர் எழுத்தில் ஒப்பாமல் நடக்காது. செலவழித்த 3,000 ரூபாயை நாங்கள் கேட்கவில்லை. அவர் கொண்டுவந்த வேர்க்கடலை உருண்டை அன்றைக்கு எட்டுப் பேருக்கும் போதுமானதாக இருந்தது.

மிக்ஜாம்

பொறுப்பை எடுத்துக்கொண்டது நான். வியாசர்பாடியில் தரைத்தளத்து வீடு. இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். 2015 வெள்ளத்தைப் பார்த்தவன் கீழ்த்தட்டில் வைத்திருக்கக் கூடாது. மேல்தட்டில் துணிகள் இருந்தன, மாற்றி வைக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். 2023 டிசம்பர் 3 ராத்திரி மிக்ஜாம் புயலின் மழை பிடித்தது. 4ஆம் தேதி விடியற்காலையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், சாக்கடையும் சேர்ந்து. பாட்டியைப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து பீரோவைத் திறந்தபோது கட்டின் அடிப்பாகம் நனைந்திருந்தது. 11 அட்டைகள்.

நனைந்த காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். கரன்ட் இருந்து ஃப்ரீசர் இருந்தால் உறையவைத்து நேரம் வாங்கலாம். எங்களுக்குக் கரன்ட் இல்லை. ஈரத்தை ஒற்றி எடுக்கத் தாள் வாங்கலாம் என்றால், பேப்பர் கடைகள் இருக்கும் ஆண்டர்சன் தெருவுக்குப் போக வழியுமில்லை. நல்ல தண்ணீர் ஒரு குடம் இருந்தது. சாக்கடை நீர் பட்ட அட்டைகளை அதில் ஒவ்வொன்றாக ஒருமுறை மெதுவாக முக்கி எடுத்தேன், தேய்க்காமல். அச்சடிக்காத நியூஸ்பிரின்ட் ரோல் மிச்சம் கொஞ்சம் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்திருந்தேன், அச்சகத்தில் இருந்து வந்த பழைய பழக்கம். கொசுவலைத் துணியை வெட்டி அட்டைக்கு அடியில் விரித்து, மேலே அந்தத் தாளை ஒற்றி, மணிக்கு ஒருமுறை தாளை மாற்றினேன். வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் அட்டை வளைந்து மை வெடிக்கும். எந்த அவசரத்திலும் அச்சடித்த செய்தித்தாளை வைத்து ஒற்றக் கூடாது, ஈரத்தில் அதன் மை ஒட்டிக்கொள்ளும். பாதி காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே அரிசி மூட்டை.

அந்த இரண்டு நாளில் ஓவியரைப் பற்றி நான் கற்றது அதிகம். இந்தியன் இங்க் ஒரு கோடுகூட அசையவில்லை. அரக்கு கலந்த மை, காய்ந்தபின் தண்ணீருக்கு மசியாது. ரப்பர் சொல்யூஷனால் ஒட்டிய வசனத் துண்டுகள் மஞ்சள் கறை போட்டிருந்தாலும் பிடித்துக்கொண்டு நின்றன. மைதாப் பசையால் ஒட்டியவை மிதந்து கழன்றன. கழன்ற ஒரு துண்டின் அடியில் அவர் முதலில் எழுதி மாற்றிய வசனம் பென்சிலில் இருந்தது. சூனியக்காரி முதலில் பையனைத் திட்டுகிறாள். மாற்றியபிறகு கெஞ்சுகிறாள். துண்டைத் திரும்ப ஒட்டவில்லை, தனி உறையில் போட்டு அதே அட்டையோடு வைத்திருக்கிறோம். இழப்பு ஒன்று பெரியது. ஒரு மேலட்டையின் போஸ்டர் கலர் கரைந்து, கடலின் நீலம் பையனின் முகத்தில் இறங்கிவிட்டது. அதை யாராலும் திருப்ப முடியாது.

கரன்ட் வந்ததும் முதல் போன் அந்த அம்மாவுக்குத்தான். எப்படிச் சொல்வது என்று பயந்து பயந்து சொன்னேன். "ஆயா எப்படி இருக்காங்க அண்ணே? வீட்டுக்குள்ள எல்லாம் காஞ்சிதா?" என்று கேட்ட பிறகுதான் அட்டையைப் பற்றிக் கேட்டார். சாரில் இருந்து அண்ணனாக நான் ஆனது அந்தப் போனில்.

இப்போது கட்டு அயனாவரத்தில், இரண்டாம் மாடியில் இருக்கும் நண்பர் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு அட்டையும் பாலியெஸ்டர் உறையில், அமிலம் இல்லாத தாளோடு. கடையில் கிடைக்கும் சாதாரண பிவிசி ஃபோல்டர் சில வருடத்தில் மையை உரித்துக்கொண்டு வரலாம். லேமினேஷன் செய்வதைவிடக் கிழித்துப் போடலாம். சட்டம் போட்டு மாட்டுவதாக இருந்தால் நல்ல பிரதியை மாட்டட்டும், ஒரிஜினல் இருட்டில் இருக்கட்டும்.

அட்டையின் பின்பக்கம்

2024 மே மாதம் பெங்களூர்க்காரரிடமிருந்து ஒரு செய்தி. சட்டம் போடுவதற்காக மேலட்டையைத் திருப்பியிருக்கிறார். பின்னால் பென்சிலில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கின்றன, இது என்ன என்று கேட்டுப் படம் அனுப்பினார்.

12 கட்டங்கள். இரண்டு பக்கத்துக்கான முன்வரைவு. ஓரத்தில் '12' என்று நீலப் பென்சில். நாங்கள் அல்லிக்குளத்திலும், சிவகாசியிலும், தெரிந்த சேகரிப்பாளர் ஒவ்வொருவரிடமும் தேடிக்கொண்டிருந்த 12ஆம் தவணை, ஒரு மாதம் முழுக்க எங்கள் மேசை மேலேயே கிடந்திருக்கிறது. திருப்பிப் பார்க்காமல் விற்றோம். மேலட்டை வண்ணமாக இருந்ததால் முன்பக்கமே போதும் என்று நினைத்துவிட்டோம்.

பையன் கடலடி அரண்மனைக்குள் முதலில் கால் வைக்கும் இடம் அது. ஐந்தாவது கட்டத்தில் தூண்களின் உயரத்தை மூன்று முறை அழித்து அழித்துப் போட்டிருக்கிறார். ஆள் எத்தனை சிறியவன் என்று காட்ட வேண்டும் என்று தேடியிருக்கிறார். மையிட்ட பக்கம் கிடைத்திருந்தால்கூட இந்தத் தேடல் நமக்குத் தெரிந்திருக்காது.

அட்டையைத் திருப்பிக் கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை. காசு கொடுத்து வாங்கியவர், நேர்மையாக விசாரித்தவர். நாங்கள் கேட்டது ஒன்றுதான், இரண்டு அட்டைகளையும் இரு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து தர முடியுமா என்று. செய்து தந்தார். எப்போதாவது விற்பதாக இருந்தால் முதலில் அந்த அம்மாவைக் கேட்பதாக அவராகவே எழுதினார். அதற்காக அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அதன்பிறகு எங்கள் வட்டத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த அட்டை வந்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்போம், பிறகுதான் படத்தைப் பார்ப்போம். கட்டாக வந்தது கட்டாகவே மூன்று மாதம் இருக்கும். கயிறு, மேலே மூடியிருந்த காலண்டர் அட்டை, எந்த வரிசையில் இருந்தது என்ற குறிப்பு உட்பட எல்லாம் இருக்கும். வீட்டாரைத் தேடி முடிக்கும் வரை பங்குப் பேச்சு இல்லை. கஷ்டம் என்று வரும் நண்பருக்கு வட்டத்திலிருந்து கைமாற்று கொடுக்க மாதம் ஆளுக்கு 200 போட்டு வைக்கிறோம். இதை 2023ல் செய்திருந்தால் அந்த இரண்டு அட்டைகளும் இங்கே இருந்திருக்கும்.

ஏழாம் உறை

2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மா கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகு, 18 தவணைகளையும் ஒரிஜினல் அளவிலேயே பிரதி எடுத்து நண்பர் வீட்டு மாடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். 12க்குப் பென்சில் கட்டங்கள். 7க்கு வெற்று அட்டை.

அம்மாவும் அண்ணனும் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். சூனியக்காரி படத்துக்கு முன்னால் நின்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "ஆயா!" அப்பாவைப் பெற்றவர். மூக்குத்தி இரண்டு பக்கமும் போட்டிருப்பாராம். ஆயாவுக்குத் தெரியாமல் வரைந்து, புத்தகம் வந்தபின் மாட்டிக்கொண்டு, அடுத்த தவணையில் அவளை நல்லவளாக மாற்றச் சொல்லி உத்தரவு வந்ததாம். வெள்ளத்தில் கழன்ற அந்த வசனத் துண்டை எடுத்துவந்து காட்டினோம்.

வெற்று அட்டையின் முன்னால் அம்மா நின்றார். "ஏழு எனக்குத் தெரியுமே" என்றார். அப்பா ஒவ்வொரு தவணையையும் வரையும் முன்பு பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுவாராம், அவர்கள் பயந்தால்தான் வரைவாராம். ஏழில் சங்கு முதல்முறை பேசுகிறது. பையனின் செத்துப்போன அப்பா குரலில் பேசுகிறது. "எனக்கு ராத்திரி தூக்கமே வரல. அப்பா மில்லுல இருந்து வர்ற வரைக்கும் முழிச்சினு இருந்தேன்."

ஒரு ஐவரி கார்டும் பென்சிலும் கொடுத்தோம். மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினார். அண்ணன் பக்கத்தில் நின்று இரண்டு இடத்தில் திருத்தினார். அந்த அட்டை இப்போது கட்டில் 6க்கும் 8க்கும் நடுவே இருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பினால் அவருடைய பேத்தி போட்ட ஒரு மீன் படம் உண்டு.